உம் கொட்டும் பெட்டி

ஹார்லிங்கனில் ஜனவரி.
கடல் தெரியாத தெரு. ஆனால் உப்பு தெரியும்,
சைக்கிள் கைப்பிடித் துருவில்.
வொப்பெ எழுதிய புகார் என் பையில் இருக்கிறது:
"மூன்று மணிக்குப் பால் ஆலையில் எனக்கு வேலை.
எட்டுக்கே படுத்துவிடுகிறேன்.
பக்கத்து வீட்டு வெப்பப் பம்பு
நான் எழுந்திருக்கும்வரை உம் கொட்டுகிறது.
கதையை யார் சொல்கிறார்கள் என்றுதான் தெரியவில்லை."

அந்தப் பெட்டிக்குள் சுழல்வது நான் வரைந்த விசிறி.
ஏழு இதழ், நான்கு வருடம்.
அகலமாக்கினேன், பிறகு மெதுவாக்கினேன்.
வேகம் பாதியானால் காற்றும் பாதி,
மின்சாரமோ எட்டில் ஒரு பங்கு.
இந்தக் கணக்கைப் போடும்போதெல்லாம்
கடைக்காரர் மீதிச் சில்லறையைக் கூடுதலாகத் தந்துவிட்டதுபோல
ஒரு திருட்டு மகிழ்ச்சி.
இதழின் பின்விளிம்பில் பல் வெட்டினேன்.
ஆந்தையைப் பார்த்தா என்று எல்லாரும் கேட்கிறார்கள்.
இல்லை, ரொட்டிக் கத்தியைப் பார்த்து.

எதிரொலி இல்லாத அறையில் வைத்துச் சோதித்தோம்.
சுவரெங்கும் பஞ்சு ஆப்புகள், தரைக்குப் பதில் கம்பி வலை.
அங்கே நின்றால் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்கும்.
முப்பத்தெட்டு டெசிபெல் என்றது கருவி.
கேக் வெட்டினோம்.

இங்கே அதே விசிறி
ஒரே எழுத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது.
ம்.
உயிர் வந்து ஏறாத வெறும் மெய்.
சலசல, கடகட என்று இரட்டையாய் வருகிற ஓசைகளோடு
தூக்கம் எப்படியோ சமாதானமாகிவிடும்.
ஒற்றைச் சுருதி அப்படியல்ல,
போர்வைக்குள் வந்து படுத்துக்கொள்ளும்.

ரியென்ட்ஸ் கருவியை நீட்டினான்: அறுபத்து மூன்று ஹெர்ட்ஸ்.
ஏழு இதழ், நொடிக்கு ஒன்பது சுற்று.
பெருக்கிப் பார்க்கத் தேவையில்லை.
பெற்றவளுக்குக் குரல் தெரியாதா.

லேவார்டனில் சுரிநாம்காரர் கடையில் வாங்கிய
சந்தன ஊதுபத்தியைக் கொளுத்தி
பெட்டியின் முதுகுப்பக்கம் பிடித்தேன்.
இடப்புறம் புகை நூலாக உள்ளே போயிற்று.
வலப்புறம் தயங்கியது, சுருண்டது,
திரும்பி என் முகத்துக்கே வந்தது.
அங்கே தார்ப்பாய் போர்த்திய விறகு, என் தோள் உயரம்.
நல்ல காற்றில் வரும் இதழ் ஒவ்வொன்றும்
அந்த மந்தமான மூலையில் முட்டிக்கொண்டு போகிறது,
சுற்றுக்கு ஏழு தரம்.
விசிறி உம் கொட்டவில்லை.
அடி வாங்கிக்கொண்டிருந்தது.

"வெப்பப் பம்பு இருக்கும்போது விறகு எதற்கு?"
வீட்டுக்காரி ஆக்கெ காப்பிக் கோப்பைக்குள் பார்த்தாள்.
"உங்கள் இயந்திரம் நல்லதுதான்.
நின்றுபோகப் போகிறேன் என்று முன்கூட்டிச் சொல்லாதே.
விறகு குறைந்தால் கண்ணுக்குத் தெரியும்."
இதை அளக்க என்னிடம் அலகு இல்லை.

வொப்பெ வேலியைத் தாண்டி வந்தான், வீட்டுச் செருப்போடு.
ஒன்றும் பேசாமல் இரண்டு கட்டையைத் தூக்கினான்.
நால்வருமாகத் தோட்டத்துக் கோடிக்குக் கடத்தினோம்.
கடைசி வரிசை கிளம்பியபோது
அந்த ம் பாதியில் நின்றது,
சொல்ல வந்ததை மறந்தவன்போல.
பிறகு காற்று, எழுத்தில் அடங்காதது.

திங்களன்று சோதனை அறைக்குள்
அரை டன் விறகு கொண்டுபோனோம்.
வாசல் காவலர் இரண்டு இடத்தில் கையெழுத்துக் கேட்டார்.
இதழ்களின் இடைவெளியைச் சற்றே கோணலாக்கினேன்,
வரிசையில் நிற்கத் தெரியாத பிள்ளைகள்போல,
எங்கே முட்டினாலும் ஒரே குரலில் அழாதபடி.
இன்னும் முடியவில்லை.
இந்தத் தடவை கேக் வாங்கவில்லை.

வொப்பெயிடமிருந்து இன்னொரு கடிதம்:
"தூங்குகிறேன், நன்றி.
ஆனால் இப்போது என் குளிர்பெட்டி கேட்கிறது.
அதையும் நீங்கள்தான் செய்கிறீர்களா?"

இல்லை என்று பதில் எழுதி, உறையை ஒட்டி,
மறுபடி பிரித்து, கீழே ஒரு வரி சேர்த்தேன்:
சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைத்திருக்கிறீர்கள்?